வெப்ஸ்பியரில் வெளி ஆதரைசேஷன் ப்ரொவைடரை இயக்கியதும் எல்லோருக்கும் 403 வருவது ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் அப்ளிகேஷன் சர்வர் 8.5.5, நெட்வொர்க் டெப்ளாய்மென்ட். ஒரு டெப்ளாய்மென்ட் மேனேஜர் (எல்லாவற்றையும் நிர்வகிக்கும் ப்ராசஸ்), அதன் கீழ் சர்வர்கள் ஓடும் இரண்டு நோட், எல்டேப் (யூசர் விவரங்கள் இருக்கும் டைரக்டரி) யூசர் ரெஜிஸ்ட்ரி. யாருக்கு எந்த ரோல் என்பதை இனி அனுமதிகளைக் கவனிக்கும் ஐபிஎம் ப்ராடக்டான டிவோலி ஆக்சஸ் மேனேஜர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று செக்யூரிட்டி டீம் சொல்லிவிட்டது. கன்சோலில் பில்ட்-இன் ஆதரைசேஷனை எடுத்துவிட்டு எக்ஸ்டர்னல் ஜாக் ப்ரொவைடர் என்பதைத் தேர்வு செய்து, சேமித்து, எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்தாயிற்று. லாகின் ஆகிறது. ஆனால் எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் 403, அதாவது அனுமதி இல்லை என்ற பதில். பில்ட்-இன்னுக்குத் திரும்பினால் எல்லாம் ஓடுகிறது. எங்கே பிழை?

நேராகவே சொல்கிறேன்: மண்டப வாசலில் நின்ற ஆளை மாற்றியிருக்கிறீர்கள், புது ஆள் கையில் விருந்தாளிப் பட்டியலைக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருந்த அப்ளிகேஷன்களின் பாலிசி (யார் எதைத் தொடலாம் என்ற விதிகள்), ப்ரொவைடரை மாற்றியதும் தானாகப் போய்ச் சேராது. அதைத் தனியாக ப்ராபகேட் செய்ய, அதாவது ப்ரொவைடரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பத்தில் எட்டு பேர் விழும் குழி இது, நானும் விழுந்தவன்தான். மீதி இரண்டு பேருக்கு யூசர் டிவோலிக்குள் இல்லாதது காரணமாக இருக்கும், அல்லது இருந்தும் கணக்கு செல்லாததாகக் கிடக்கும். உங்களுக்கு லாகின் ஆகிறது என்பதால் எல்டேப், எல்டிபிஏ டோக்கன் (லாகின் ஆனதைக் காட்டும் சீட்டு) பக்கமெல்லாம் தோண்ட வேண்டாம். ஆள் யார் என்று பார்ப்பது ஒரு வேலை, அவரை உள்ளே விடலாமா என்று பார்ப்பது வேறு வேலை. ஜாக் இந்த இரண்டாவது வேலைக்கு மட்டும்தான்.

ஜாக் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்வது ஜாவா ஆதரைசேஷன் கான்ட்ராக்ட் ஃபார் கன்டெய்னர்ஸ், ஜேஎஸ்ஆர் 115. 2003-ல் ஜே2இஇ 1.4-உடன் வந்தது. அதில் மூன்று ஒப்பந்தங்கள் உண்டு: ப்ரொவைடரைக் கன்டெய்னரோடு இணைப்பது ஒன்று, டெப்ளாய்மென்ட் டிஸ்க்ரிப்டரில் (அப்ளிகேஷனோடு வரும் அமைப்பு ஃபைல்) இருக்கும் செக்யூரிட்டி விவரத்தை பர்மிஷன்களாக மாற்றி ப்ரொவைடரிடம் ஒப்படைப்பது இன்னொன்று, ஒவ்வொரு ரிக்வெஸ்ட் வரும்போதும் ப்ரொவைடரிடம் கேட்டு முடிவெடுப்பது மூன்றாவது. இதில் இரண்டாவதுதான் உங்கள் இடத்தில் நடக்காமல் போனது. வெப் பக்கத்துக்கு வெப்ரிசோர்ஸ் பர்மிஷன், இஜேபிக்கு (சர்வருக்குள் ஓடும் ஜாவா கூறு) இஜேபிமெதட் பர்மிஷன் என்று வகைகள் இருக்கின்றன. இவற்றை ஒவ்வொரு ரோலின் கீழும் சேர்த்து, கடைசியில் கமிட் சொல்லி முடித்தால்தான் அந்த மாட்யூலின் பாலிசி நடைமுறைக்கு வரும். கமிட் ஆகாத பாலிசி இருந்தும் இல்லாததுதான்.

இப்படி மாற்றும்போது ஒரு சுவாரசியம் இருக்கிறது. வெப் மாட்யூலின் டிஸ்க்ரிப்டரான வெப்.எக்ஸ்எம்எல்லில் "/ஊதியம்/*" என்ற பாதைக்கு மேலாளர் ரோல் மட்டும் என்று எழுதி, மீதி எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பர்மிஷன்களுக்குள் முன்பின் வரிசை கிடையாது, எல்லாம் ஒரே மூட்டை. அதனால் மீதி எல்லாம் என்பதை "/" என்று மட்டும் எழுதினால் ஊதியப் பக்கமும் அதற்குள் அடங்கிவிடும். அதைத் தடுக்க கன்டெய்னர் அதை "/:/ஊதியம்/*" என்று எழுதும், முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிடு என்று அர்த்தம். ட்ரேஸில் இப்படி ஒரு விநோதமான பாதையைப் பார்த்து யாரோ கான்ஃபிகரேஷனைக் கெடுத்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம், இந்த ஸ்பெக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எந்த ரோலுக்கு எந்தப் பக்கம் என்பதைத்தான் ஜாக் ப்ரொவைடரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த யூசருக்கு எந்த ரோல் என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை, அதைக் கன்டெய்னரும் ப்ரொவைடரும் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் ஒட்டுப் போட்டது. ஐபிஎம் போட்ட ஒட்டுதான் கன்சோலில் நீங்கள் பார்க்கும் ரோல் கான்ஃபிகரேஷன் ஃபாக்டரி என்ற கட்டம். வெப்லாஜிக்கில் அதுவே ரோல் மேப்பர் ஃபாக்டரி என்ற பெயரில் தனி சிஸ்டம் ப்ராபர்ட்டியாக வரும். வெளியிலிருந்து ஒரு ப்ரொவைடரை வாங்கினாலும் சரி, நீங்களே எழுதினாலும் சரி, ரோல் கான்ஃபிகரேஷன் இன்டர்ஃபேஸை அது செய்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். செய்யவில்லை என்றால், அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்யும்போது நீங்கள் கன்சோலில் போட்ட யூசர்-ரோல் மேப்பிங் ப்ரொவைடருக்குப் போகவே போகாது. அதன் சொந்தக் கருவியில் உட்கார்ந்து திரும்பவும் மேப் செய்ய வேண்டியதுதான். டிவோலி விஷயத்தில் அந்தக் கவலை இல்லை, அது செய்திருக்கிறது.

சரி, டிவோலி பக்கம் என்ன தயாராக இருக்க வேண்டும்? (இந்த ப்ராடக்ட் பிற்பாடு செக்யூரிட்டி ஆக்சஸ் மேனேஜர், வெரிஃபை ஆக்சஸ் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. பழைய ஆட்கள் இன்னமும் டாம் என்றுதான் சொல்கிறோம்.) வெப்ஸ்பியரும் டாமும் ஒரே எல்டேப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரே எல்டேப்பில் இருப்பதால் மட்டும் ஒருவர் டாம் யூசர் ஆகிவிட மாட்டார். டாமின் கட்டளைக் கருவியான பிடிஅட்மினில் யூசர் இம்போர்ட் செய்ய வேண்டும், குரூப்புகளுக்கு குரூப் இம்போர்ட் தனியாக உண்டு. அதோடு முடியவில்லை, புதிதாக உருவாக்கிய, இம்போர்ட் செய்த யூசரின் கணக்கு ஆரம்பத்தில் செல்லாததாகவே இருக்கும். யூசர் மாடிஃபை கொடுத்து அக்கவுன்ட்-வேலிட் என்பதை யெஸ் ஆக்க வேண்டும். லாகின் ஆகும், 403 வரும், ரோல் மேப்பிங் கண்ணாடி மாதிரி சரியாக இருக்கும், காரணம் தெரியாமல் இரண்டு நாள் போகும். கடைசியில் பார்த்தால் இந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கும். வெப்ஸ்பியரின் அட்மின் யூசருக்கும் இதே கதைதான், கான்ஃபிகர் செய்வதற்கு முன்பே அவர் டாமில் செல்லுபடியாகும் யூசராக இருந்தாக வேண்டும்.

கன்சோலில் செக்யூரிட்டி, குளோபல் செக்யூரிட்டி, அதற்குள் எக்ஸ்டர்னல் ஆதரைசேஷன் ப்ரொவைடர்ஸ். அங்கே எக்ஸ்டர்னல் ஜாக் ப்ரொவைடரின் கான்ஃபிகர் இணைப்பைத் திறந்தால் நான்கு க்ளாஸ் பெயர்கள் கேட்கும்: பாலிசி, பாலிசி கான்ஃபிகரேஷன் ஃபாக்டரி, ரோல் கான்ஃபிகரேஷன் ஃபாக்டரி, ப்ரொவைடர் இனிஷியலைசேஷன். டாமுக்கான பெயர்களை ஐபிஎம் முன்பே நிரப்பி வைத்திருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். வேறு ப்ரொவைடர் என்றால் முதல் இரண்டும் கட்டாயம், பின்னிரண்டும் இருந்தால் போடலாம். இந்தக் க்ளாஸ்கள் உள்ள ஜார் ஃபைல் அப்ளிகேஷன் சர்வரின் க்ளாஸ்பாத்தில் மட்டும் இருந்தால் போதாது. டெப்ளாய்மென்ட் மேனேஜர், நோட் ஏஜென்ட் (ஒவ்வொரு நோட்டிலும் அதன் சார்பாக ஓடுவது), சர்வர் என்று எல்லா ப்ராசஸுக்கும் அது தெரிய வேண்டும், ஏனென்றால் இன்ஸ்டால் சமயத்தில் பாலிசியை ப்ரொவைடரிடம் ஒப்படைப்பது டெப்ளாய்மென்ட் மேனேஜர்தான்.

அதே பக்கத்தில் இரண்டு செக்பாக்ஸ் இருக்கும். இஜேபி ஆர்குமென்ட்ஸ் ஹேண்ட்லர் வேண்டும் என்பதை, மெதடுக்குள் வரும் மதிப்பைப் பார்த்து முடிவெடுக்கிற ப்ரொவைடர் இல்லாதவரை, டிக் செய்யாதீர்கள். ஒவ்வொரு இஜேபி அழைப்புக்கும் ஆர்குமென்ட்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் வேகம் அடிபடும். டைனமிக் மாட்யூல் அப்டேட் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனில் ஒரு வெப் மாட்யூலை மட்டும் மாற்றினால் அந்தப் புதுப் பாலிசியை ப்ரொவைடர் அப்படியே எடுத்துக்கொள்ளுமா என்று கேட்கிறது. எடுத்துக்கொள்ளாத ப்ரொவைடர் என்றால் முழு அப்ளிகேஷனையும் நிறுத்தித் தொடங்க வேண்டும்.

டிவோலி ஆக்சஸ் மேனேஜர் ப்ராபர்ட்டீஸ் என்ற இணைப்புதான் உண்மையான வேலை. பாலிசி சர்வரின் பெயரும் போர்ட்டும், வழக்கமாக 7135. ஆதரைசேஷன் சர்வர் 7136, அதற்குப் பின்னால் முன்னுரிமை எண்ணும் சேர்த்து எழுத வேண்டும். டாம் அட்மின் பெயர் செக்_மாஸ்டர், அவர் பாஸ்வேர்ட், எல்டேப் சஃபிக்ஸ், வெப்ஸ்பியர் அட்மினின் முழு டிஎன் (எல்டேப்பில் அவருடைய முழுப் பெயர்ப் பாதை), செக்யூரிட்டி டொமைன் என்ற இடத்தில் டீஃபால்ட். எம்பெடட் டிவோலி ஆக்சஸ் மேனேஜரை இயக்கு என்ற டிக்கும் இங்கேதான். டிஎன்னில் ஒரு காற்புள்ளி பிசகினாலும் கான்ஃபிகரேஷன் தோற்றுவிடும். கைவலிக்கத் தட்டாமல் எல்டேப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள்.

இங்கே க்ளையன்ட் லிஸனிங் போர்ட் செட் என்று ஒரு கட்டம், 8900:8999 என்று நிரம்பியிருக்கும். க்ளையன்ட் என்ற சொல்லைப் பார்த்து, சரி இது வெளியே போகும் போர்ட் போல என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். உண்மையில் திசை தலைகீழ். பாலிசி மாறும்போது பாலிசி சர்வர் வெப்ஸ்பியரைத் தேடி வந்து சொல்லும், அதைக் கேட்பதற்காக ஒவ்வொரு ப்ராசஸும் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். ஒரு மெஷினில் நோட் ஏஜென்ட்டும் நான்கைந்து சர்வரும் ஓடினால் அத்தனை போர்ட் வேண்டும், அதற்குத்தான் ஒரு வரம்பாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஃபயர்வால் ஆட்கள் 7135, 7136 இரண்டையும் திறந்துவிட்டு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். கான்ஃபிகரேஷன் வெற்றி, டெஸ்ட் வெற்றி, எல்லோரும் வீட்டுக்குப் போனோம். மறுநாள் டாமில் ஒருவருக்கு ரோலை எடுத்தார்கள், வெப்ஸ்பியர் அவரைத் தொடர்ந்து உள்ளே விட்டுக்கொண்டே இருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் சரியாகும். எல்லோரும் கேஷ் (தற்காலிகமாகச் சேமித்த பழைய விவரம்) என்று சொல்லி ஒரு வாரம் ஓட்டினார்கள். பாலிசி சர்வரிலிருந்து அந்த 8900 போர்ட்டுக்கு ஒரு டெல்நெட் போட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கேஷும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஒரு ரோலின் விவரத்தை 20 விநாடியும் ஒரு யூசரின் விவரத்தை 10 நிமிடமும் வைத்துக்கொள்வதுதான் எம்பெடட் டாமின் ஆரம்ப அமைப்பு. செல்லின் (ஒரு டெப்ளாய்மென்ட் மேனேஜரின் கீழுள்ள மொத்தத் தொகுதி) கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப்ளேட் ப்ராபர்ட்டீஸ் ஃபைலில் மாற்றலாம். எனவே யூசரைப் புதிதாக ஒரு குரூப்பில் சேர்த்த கையோடு பிரவுசரை அழுத்திப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பத்து நிமிடம் தாண்டியும் மாறவில்லையா, அப்போது போர்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

இதையெல்லாம் சேமிக்கும் முன் எல்லா நோட் ஏஜென்ட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று படுத்திருந்தால் அந்த நோட்டுக்கு மட்டும் கான்ஃபிகரேஷன் போகாது, பிறகு ஒரு நோட்டில் ரிக்வெஸ்ட் போனால் வேலை செய்யும், இன்னொன்றில் போனால் செய்யாது. லோட் பேலன்சர் வேறு நடுவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். கன்சோலில் தட்டுவதை விட வெப்ஸ்பியரின் கட்டளைக் கருவியான டபிள்யூஎஸ்அட்மினில் கான்ஃபிகர்டாம் என்ற டாஸ்கை இன்டராக்டிவ் முறையில் ஓட்டுவதுதான் என் வழக்கம். அதே கேள்விகளைத்தான் கேட்கும், ஆனால் எங்கே உடைகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லும். முடித்ததும் சேமித்து, எல்லா நோட்டையும் சின்க் செய்து, டெப்ளாய்மென்ட் மேனேஜர், நோட் ஏஜென்ட்கள், சர்வர்கள் என்ற வரிசையில் ரீஸ்டார்ட். நீங்கள் இதுவரை சரியாகவே வந்திருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

இனிதான் விட்டுப்போன படி. ப்ரொவைடரை இயக்கிய பிறகு இன்ஸ்டால் செய்யும் அப்ளிகேஷன்களுக்கு, சேமிக்கும்போதே பாலிசி தானாகப் போய்விடும். முன்பே இருந்தவற்றுக்கு டபிள்யூஎஸ்அட்மினில் ப்ராபகேட்பாலிசிடுஜாக்ப்ரொவைடர் என்று ஒரு டாஸ்க் இருக்கிறது (பெயரை நான் சேர்த்து எழுதவில்லை, அவர்கள் வைத்த பெயரே அப்படி ரயில் மாதிரிதான்). ஆப்நேம்ஸ் என்ற ஆப்ஷனில் அப்ளிகேஷன் பெயரைக் கொடுத்தால் அதற்கு மட்டும், எதுவும் கொடுக்காவிட்டால் எல்லாவற்றுக்கும். ஓட்டிவிட்டு டெப்ளாய்மென்ட் மேனேஜரின் சிஸ்டம்அவுட் லாகைப் பாருங்கள், சர்வரின் லாகை அல்ல. பாலிசி போய்ச் சேர்ந்ததா என்பது அங்கேதான் எழுதப்படும். இன்ஸ்டால் வெற்றி என்று கன்சோல் சொல்வதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, இன்ஸ்டால் ஆகியும் ப்ராபகேஷன் தோற்றிருக்கலாம்.

பிடிஅட்மினில் போய் ஆப்ஜெக்ட் லிஸ்ட் கொடுத்தால் வெப்ஆப்சர்வர், அதன் கீழ் டெப்ளாய்ட்ரிசோர்சஸ் என்ற கிளைக்குள் உங்கள் ரோல் பெயர்களும் அவற்றின் கீழ் அப்ளிகேஷன் பெயரும் தெரிய வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) தொங்கும். ஏசிஎல் ஷோ போட்டு உங்கள் யூசரோ குரூப்போ அதில் இருக்கிறதா, இன்வோக் என்பதைக் குறிக்கும் அந்த ஒற்றைச் சிறிய 'ஐ' எழுத்து பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். லாகின் செய்த எல்லோருக்கும் அனுமதி என்று மேப் செய்திருந்தால் அங்கே யூசர் பெயர் எதுவும் இருக்காது, எனி-அதர் என்ற வரிதான் இருக்கும், அது சரியே.

இதற்கப்புறம் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். பில்ட்-இன் காலத்தில் யூசர்-ரோல் மேப்பிங் இயர் ஃபைலின் (அப்ளிகேஷன் பொதி) பைண்டிங்கில் இருந்தது. இப்போது அது அங்கே இருந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. டாமில் செய்யும் மாற்றம் பைண்டிங்குக்குத் திரும்பி வராது. அதனால் ஆறு மாதம் கழித்து அவசரத்துக்கு பில்ட்-இன்னுக்குத் திரும்பினால், ஆறு மாதத்துக்கு முந்தைய மேப்பிங்தான் உயிர் பெற்று எழும். வேலையை விட்டுப் போனவர்களுக்கெல்லாம் கதவு திறந்திருக்கும். நீங்கள் பில்ட்-இன்னுக்குத் திரும்பியதும் எல்லாம் ஓடியதற்குக் காரணமும் இதுதான், அந்தப் பழைய பட்டியல் இன்னும் புதிதாக இருக்கிறது.

திரும்புவது பற்றிப் பேச்சு வந்ததால்: தொடங்கும் முன் கான்ஃபிகரேஷனைப் பிரதி எடுக்கும் பேக்கப்கான்ஃபிக் கட்டளையை ஓட்டி வைத்தீர்களா? கான்ஃபிகரேஷன் பாதியில் உடைந்து கன்சோலுக்குள்ளேயே போக முடியாமல் ஆனால், டபிள்யூஎஸ்அட்மினை கான்டைப் நன் என்று திறந்து செக்யூரிட்டிஆஃப் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யலாம். ப்ரொடக்ஷனில் அதை நெட்வொர்க்கைப் பூட்டாமல் செய்யாதீர்கள். செக்யூரிட்டி.எக்ஸ்எம்எல்லில் யூஸ்ஜாக்ப்ரொவைடர் என்ற ஆட்ரிபியூட்டை ஃபால்ஸ் ஆக்குகிறவர்களும் உண்டு, வேலை செய்யும், ஆனால் எல்லா நோட்டின் பிரதியிலும் மாற்ற மறந்துவிட்டு அப்புறம் முழிப்பார்கள்.

புதிதாகத் தொடங்குகிற அணி ஒன்று என்னிடம் கேட்டால் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். ஜாக் முழுக்க ஜேடிகேயின் பாலிசி க்ளாஸ் மேல் கட்டப்பட்டது; 2021-ல் ஜாவா 17 செக்யூரிட்டி மேனேஜரையும் அதனுடன் அந்தப் பாலிசியையும் நீக்கப்போகிறோம் என்று அறிவித்தது, ஜாவா 24-ல் செக்யூரிட்டி மேனேஜரை நிரந்தரமாகவே முடக்கிவிட்டார்கள். ஜகார்த்தா ஆதரைசேஷன் என்று பெயர் மாறிய ஸ்பெக், 3.0-ல் தனக்கென்று சொந்தமாக ஒரு பாலிசி இன்டர்ஃபேஸை வைத்துக்கொண்டு அதிலிருந்து கழன்றுகொண்டது. வெப்ஸ்பியர் லிபர்ட்டிக்கு மாறும் திட்டம் இருந்தால் அங்கே கன்சோல் கட்டங்கள் கிடையாது, ஜாக் 1.5 ஃபீச்சரை இயக்கி ப்ரொவைடரை ஒரு பண்டிலாகக் கொடுக்க வேண்டும். உங்கள் 8.5.5-க்கு இதெல்லாம் கவலை இல்லை, அது பழைய ஜேடிகேயிலேயே ஓடுகிறது. செக்யூரிட்டி டீம் கேட்டது அனுமதிகளை ஒரே இடத்தில் தணிக்கை செய்யும் வசதி என்றால் டாம் அதைக் கொடுக்கும், செய்து முடியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்ப வேண்டாம். டெஸ்ட் செல்லில் ப்ரொவைடரை மறுபடி இயக்கி, சின்னதாக ஒரே ஒரு அப்ளிகேஷனைப் பெயர் சொல்லி ப்ராபகேட் செய்து, மேப்பிங்கில் இருக்கும் ஒரு யூசரையும் இல்லாத ஒரு யூசரையும் வைத்துப் பாருங்கள். முதலாமவர் உள்ளே போய் இரண்டாமவருக்கு 403 வந்தால் காரியம் முடிந்தது, மீதி அப்ளிகேஷன்களையும் தள்ளிவிடலாம். இருவருக்கும் 403 என்றால் அந்த முதல் யூசருக்கு பிடிஅட்மினில் யூசர் ஷோ போட்டு, அக்கவுன்ட்-வேலிட் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம்.